சங்கத்தின் புதிய குமாஸ்தா

நமது சங்க அலுவலகங்களுக்கு அண்மைக் காலத்தில் புதிய குமாஸ்தா ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்கு நாற்காலி வேண்டியதில்லை, விடுமுறையும் வேண்டியதில்லை. செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்று வழங்கப்படும் கணினிக் கருவியையே குறிப்பிடுகிறோம். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்களின் உபயோகத்துக்கு வந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே இத்தகைய கருவிகள் பல செயலாளர்களின் கைப்பேசிகளில் இடம்பெற்றுவிட்டன. கடிதமாயினும், அறிவிப்பாயினும், ஆண்டறிக்கையாயினும் கேட்ட மாத்திரத்தில் எழுதித் தருகின்றன.

இதனை நாம் வெறுப்பவரல்லோம். ஒரே எழுத்தரை வைத்துக்கொண்டு நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடா, கடன் மனுக்கள், கடிதப் போக்குவரத்து ஆகிய அனைத்தையும் கவனிக்கும் சங்கங்களை நாம் நன்கறிவோம். ஆங்கிலத்தில் வரும் நீண்ட சுற்றறிக்கையின் சாரத்தைத் தமிழில் எடுத்துரைக்கவும், மனு எழுதத் தயங்குவோருக்கு ஒரு நகல் அமைத்துத் தரவும் ஓர் உதவி கிடைக்குமானால், அதனை வேண்டாமென்பது விவேகமாகாது. ஆயினும் ஆய்வுக்குச் சென்றபோது நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை அங்கத்தினர்களின் முன் வைப்பது நமது கடமையாகும்.

ஒரு நெசவாளர் சங்கம். விற்பனையாகாமல் தேங்கிய ஒரு சேலை இரகத்தின் உற்பத்தியைக் குறைப்பது பற்றி நிர்வாகக் குழு கூடிப் பேசியிருந்தது. தீர்மானப் புத்தகத்தை நாம் கேட்டு வாங்கினோம். இலக்கணப் பிழையின்றி, அழகிய நடையில், “விரிவாக விவாதித்து ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதப்பட்டிருந்தது. அதனை உரக்கப் படித்தோம். அருகில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர், அவரும் குழு உறுப்பினர், எழுந்து, “ஐயா, அன்றைக்கு நான் கூடாது என்றல்லவா சொன்னேன்? என் பேச்சு எங்கே போயிற்று?” என்று கேட்டார்.

விசாரித்ததில் உண்மை விளங்கிற்று. அந்த இரகத்தையே நம்பியிருக்கும் தறிக்காரர்களுக்கு மாற்று வேலை கொடுத்த பின்னரே உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்று இருவர் ஆட்சேபித்திருக்கின்றனர். செயலாளரோ பொருளையும் முடிவையும் மட்டும் கருவிக்குக் கொடுத்திருக்கிறார். ஒருமனதாக என்று அவர் சொல்லவில்லை; ஆட்சேபம் உண்டென்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தைக் கருவி தானாகவே நிரப்பிவிட்டது. வேலைச் சுமையில் அவரும் படித்துப் பாராமல் புத்தகத்தில் ஏற்றிவிட்டார். வஞ்சக எண்ணம் அவரிடம் சிறிதும் இல்லை. ஆயினும் நாளைக்கு ஒரு தறிக்காரர், “எங்களுக்காக ஒருவரும் பேசவில்லையா?” என்று கேட்டால், ஒருவரும் பேசவில்லை என்றே அந்தப் புத்தகம் சாட்சி சொல்லியிருக்கும்.

இக்கருவி வேலை செய்யும் விதத்தை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. ஏராளமான எழுத்துக்களில் பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருவது பெருவழக்கோ அதனையே அது அடுக்கிச் செல்கிறது. தீர்மானங்களில் “ஒருமனதாக” என்பதே வழக்கமான சொல். ஆகவே அதுவே வந்தது. கூட்டத்தில் அமர்ந்து கேட்டவர் நாமே அன்றி அதுவன்று.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இதில் பாடமுண்டு. பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவிகிதம். தவணை தவறாதோர்க்கு மத்திய அரசு 3 சதவிகிதம் தள்ளுபடி அளிப்பதால் மீதி 4 சதவிகிதம். இது நாடு முழுவதற்குமான ஏற்பாடு. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களிலோ, தவணைக்குள் செலுத்துவோர்க்கு அந்த 4 சதவிகிதமும் இல்லை. மாநில அரசே ஏற்றுக்கொள்கிறது. பொதுவழக்கை மட்டும் கண்டு கருவி எழுதும் அறிவிப்பை அப்படியே பலகையில் ஒட்டினால், வட்டியில்லாக் கடனுக்கு வட்டியுண்டென்று எண்ணி அங்கத்தினர் கலங்குவர். சிலர் கடன் கேட்கவே தயங்குவர்.

ஆகவே நமது யோசனைகள் இவை. கூட்டத்தில் பேசப்பட்டதைக் கையால் குறித்த மூலக் குறிப்பைக் கிழித்தெறியாமல் கோப்பில் வைக்க வேண்டும். தீர்மானம் எவர் எழுதியதாயினும், கையொப்பமிடுமுன் குழுவினர் அனைவரும் கேட்க உரக்கப் படிக்க வேண்டும். தொகை, வட்டி, தேதி ஆகியவற்றைப் பேரேட்டிலிருந்தும் அரசாணையிலிருந்தும் எடுக்க வேண்டுமேயன்றிக் கருவியின் வாய்மொழியை நம்பலாகாது. அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடன் பாக்கி இவற்றை வெளிக்கருவிகளுக்குக் கொடுப்பது கூடவே கூடாது. தனிமனிதர் விவரங்களைக் காக்க 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிடினும், நம்மை நம்பி அவற்றைக் கொடுத்தவர் நம் அங்கத்தினர் என்பதை மறக்கலாகாது.

இவற்றால் வேலை சற்றுத் தாமதமாகுமே என்று சிலர் கூறலாம். ஆகட்டும். ஒரு தீர்மானத்தை உரக்கப் படிக்கப் பத்து நிமிஷம் ஆகும். அதனை மிச்சம் பிடிப்பதற்காக ஓர் அங்கத்தினரின் வார்த்தையை இழப்பது இலாபமாகாது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே நமது இயக்கத்தின் அஸ்திவாரம். நூறு தறி உடையவரும் ஒரு தறி உடையவரும் இங்கே சமம். ஆட்சேபித்தவரின் சொல்லும் புத்தகத்தில் ஏறும்போதுதான் அந்தச் சமத்துவம் மெய்யாகிறது.

அன்று அந்தச் செயலாளர் தீர்மானத்தைத் திருத்தி, இருவரின் ஆட்சேபத்தையும் சேர்த்து எழுதினார். அடுத்த கூட்டத்தில் மாற்று வேலை பற்றிய பேச்சு முதற்பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டது. புதிய குமாஸ்தா நகல் எழுதட்டும்; வரவேற்போம். ஆனால் அதன் கீழே விழும் கையொப்பம் நம்முடையது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாமே.