சம்பளமே இல்லாத வேலைக்கு ஸ்டிரைக்கா?

ஹர்லிங்... அயர்லாந்துக்காரர்கள் உயிரை விடும் விளையாட்டு. அணிக்கு 15 பேர், கையில் மர மட்டை, சின்னதாக ஒரு தோல் பந்து. பந்து குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல், அதாவது 3 புள்ளி. கோல்கீப்பரின் வேலை என்ன என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள்: தடுப்பது.

கார்க் கவுன்டி அணியின் டோனல் ஓக் கியூசாக் அதை நன்றாகவே செய்தார். 1999, 2004, 2005 என மூன்று முறை அகில அயர்லாந்து கோப்பை. 1999, 2004 இறுதி ஆட்டங்களில் கில்கென்னி அணியால் அவரைத் தாண்டி ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

ஆனால் அவருடைய பெருமை தடுத்ததில் மட்டும் இல்லை. எதிரணி புள்ளி எடுத்தாலும், பந்து வெளியே போனாலும், அதை மறுபடி ஆட்டத்துக்குள் அடிப்பவர் கோல்கீப்பர்தான். பழைய வழக்கம் என்ன? கண்ணை மூடிக்கொண்டு தூரமாக அடி, அப்புறம் யாருக்குக் கிடைக்கிறதோ அவர் அதிர்ஷ்டம். கியூசாக் அப்படிச் செய்யவில்லை. தனியாக நிற்கும் தன் ஆளைப் பார்த்து, பக்கத்திலேயே அடித்துக் கொடுத்தார். தவறிப்போன நாட்களில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்று பெரிய அணிகள் எல்லாம் இதைச் சாதாரணமாகச் செய்கின்றன!

மைதானத்துக்கு வெளியிலும் இதே பிடிவாதம்தான். ஹர்லிங் வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. 80,000 பேருக்கு மேல் அமரும் குரோக் பார்க்கில் ஞாயிறு இறுதி ஆட்டம் ஆடுபவரும் பிழைப்புக்கு வேறு வேலைதான் பார்க்க வேண்டும். 2002 கடைசியில் மருத்துவ வசதி, பயணச் செலவு போன்றவற்றுக்காகக் கார்க் வீரர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். முன்னணியில் நின்றவர்களில் கியூசாக்கும் ஒருவர். "பிடித்துத்தானே ஆடுகிறீர்கள், பிறகு எதற்கு ஸ்டிரைக்?" என்பதுதான் எதிர்ப்பு.

இந்தக் கேள்வியே தப்பு. கூலி வாங்காதவனுக்கு உரிமையும் இல்லை என்றால், இலவசமாக உழைப்பவனை எப்படியும் நடத்தலாம் என்றாகிவிடும். டிக்கெட் விற்றுப் பணம் வருகிறது. அந்தப் பணத்துக்குக் காரணமானவன் காலில் அடிபட்டால் டாக்டர் கேட்பது பேராசையா?

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. கிளப்புகளை நடத்தும் ஆயிரக்கணக்கானவர்களும் சம்பளம் வாங்குவதில்லை. 2008-09-ல் நடந்த மூன்றாவது ஸ்டிரைக்கில் மேலாளர் ஜெரால்ட் மெக்கார்த்தி பதவி விலகினார். அவரும் ஒரு காலத்தில் கார்க்குக்காகக் கோப்பைகள் வென்றவர்தான். அந்தக் காயம் சின்னதல்ல. ஆனாலும் முதல் ஸ்டிரைக்குக்குப் பிறகு கார்க் என்ன ஆனது? 2003-ல் இறுதி ஆட்டம், அடுத்த இரண்டு வருடமும் கோப்பை. கேட்டு வாங்கியவர்கள் சோம்பேறிகள் ஆகிவிடவில்லை.

2009 அக்டோபரில், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, தான் ஒருபாலீர்ப்பு உள்ளவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். கோல்கீப்பருக்கு ஓடி ஒளிய இடம் கிடையாது. முதுகுக்குப் பின்னாலேயே எதிரணி ரசிகர்கள். அடுத்த வருடமும் அதே கம்பத்துக்குக் கீழே போய் நின்றார்.

2012-ல் குதிகால் நரம்பு அறுந்தது. 2013-ல் அணியில் இடம் போனது. அவ்வளவுதான் ஆட்டம்.

வரும் பந்தைத் தடுப்பவர்கள் நிறையப் பேர். அடுத்து அது எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கியூசாக் இரண்டாவது ரகம்.