டெலிபோனில் வரும் திருடன்!

"சார், பாங்கியில் இருந்து பேசுகிறேன். உங்கள் கிரெடிட் கார்டு இன்று ராத்திரியோடு நின்று போகும். இப்போது ஒரு நம்பர் வரும். அதைச் சொல்லுங்கள்!"

இப்படி ஒரு குரல் வந்தால், பேசுகிறவன் பாங்கி ஆள் அல்ல. திருடன்!

கன்னம் வைக்கிற திருடனுக்கு அமாவாசை இருட்டு வேண்டும். இவனுக்கு அது வேண்டாம். கார்டில் உள்ள எண்களும் காலாவதித் தேதியும் போதும். வெளிநாட்டுக் கடைகள் சிலவற்றில் அவற்றை வைத்தே உங்கள் பெயரில் சாமான் வாங்கி விடுவான்.

நம் நாட்டில் அது நடக்காது. இன்டர்நெட்டில் சாமான் வாங்க இன்னொரு அத்தாட்சியும் வேண்டும் என்று 2009-ம் ஆண்டில் ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது. செல்போனுக்கு வரும் ரகசிய எண்தான் (ஓ.டி.பி.) பெரும்பாலும் அந்த அத்தாட்சி. திருடனால் பூட்டை உடைக்க முடியவில்லை. அதனால் சாவியை உங்களிடமே கேட்கிறான்!

நஷ்டம் யார் தலையில்?

2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கி இன்னொரு உத்தரவு பிறப்பித்தது. தப்பு பாங்கியின் மேல் என்றால் வாடிக்கைக்காரருக்கு நஷ்டம் இல்லை. இருவர் மேலும் தப்பு இல்லை, வேறு எங்கோ ஓட்டை என்றால்? பாங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், ஒரு காசு கூட நஷ்டம் கிடையாது. 4 முதல் 7 நாள் ஆகி விட்டால், ரூ.5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு ரூ.10 ஆயிரம் வரை பொறுப்பு உண்டு.

ரகசிய எண்ணை நாமே சொல்லி விட்டால்? அது "கவனக் குறைவு." புகார் கொடுக்கும் வரை போன பணம் நம்முடையது. அதற்குப் பிறகு போவது பாங்கியுடையது. ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் பணம்தான்!

வாடிக்கைக்காரர் மேல்தான் தப்பு என்று நிரூபிக்க வேண்டியது பாங்கியின் பொறுப்பு என்றும் அந்த உத்தரவு சொன்னது. இது பலருக்குத் தெரியாது. "உங்கள் தப்பு" என்று யாராவது சொன்னதும் பேசாமல் திரும்பி வந்து விடுகிறார்கள்.

இதில் ஒரு நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற எச்சரிக்கை பெரும்பாலும் இங்கிலீஷில் வருகிறது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டி என்ன செய்வாள்? திருடன் மட்டும் நல்ல தமிழில் பேசுகிறான்! அவளைக் கவனக் குறைவு என்று சொல்லுமுன், அவளுக்குப் புரியும்படி எச்சரித்தார்களா?

பணம் போய் விட்டதா? கார்டின் பின்பக்கத்தில் உள்ள பாங்கி நம்பருக்குப் பேசி, உடனே கார்டை நிறுத்துங்கள். அடுத்து 1930-க்குப் பேசுங்கள். பணம் கை மாறிப் போவதற்குள் மறிக்கப் பார்ப்பார்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

பணம் போகாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கார்டில் வெளிநாட்டுச் செலவை மட்டும் தனியாக மூடி வைக்கும் வசதி 2020 முதல் உண்டு. வெளிநாட்டுப் பக்கமே போகாத குடும்பத்துக்கு அந்தக் கதவு எதற்குத் திறந்திருக்க வேண்டும்? திறந்திருக்கிறதா என்று நாளைக் காலையில் பாங்கியில் கேளுங்கள்.