பெயர் முந்தியா, பிந்தியா?

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில், உளியைக் கீழே வைத்துவிட்டுத் தோழர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஓட்டு மிஷின்ல நம்ம ஆள் பேரை முதல்ல போடச் சொல்லக் கூடாதா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். வினா வேடிக்கையன்று. அந்த வரிசை எப்படி வருகிறது? வந்தவர் வரிசையா? வசதி படைத்தோர் வரிசையா? வயது முதிர்ந்தோர் வரிசையா?

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 38ஆவது பிரிவு வகுக்கும் வரிசை அது. அங்கீகாரம் பெற்ற கட்சியினர் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சியினர் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். 1996இல் வந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. தலைப்பெழுத்தைத் தள்ளிவிட்டுப் பெயரைப் பார்ப்பார்கள். ஆகவே அன்பழகனுக்கு மேலிடம், வேலுவுக்குக் கீழிடம். அன்பழகன் செய்தது என்ன, பூர்வ ஜென்மப் புண்ணியமா? அப்பன் வைத்த பெயர், அவ்வளவே!

"சின்னம் இருக்க வரிசை எதற்கு?" என்பர். உண்மைதான். 1952இல் ஆளுக்கொரு பெட்டி வைத்து, பெட்டியில் சின்னம் ஒட்டித்தான் தேர்தல் நடத்தினார்கள். எழுத்தறியாத கொக்கிலமேட்டுக் குப்பத்துத் தாயும் தனக்குத் தெரிந்த சின்னத்தைத் தேடிக் கண்டுகொள்வாள். சுயேச்சையின் கதி என்ன? மனுக்களைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான் அவனுக்குச் சின்னமே கிடைக்கிறது. ஓர் இயந்திரத்தில் 16 பொத்தான். ஆட்கள் மிகுந்தால் அவன் பெயர் அடுத்த இயந்திரத்தில். சின்னமும் புதிது, இடமும் கடைசி!

ஆஸ்திரேலியாவில் 1937இல், நியூ சவுத் வேல்ஸ் மாநில செனட் தேர்தலுக்குத் தொழிற்கட்சி நிறுத்திய நால்வரின் குடும்பப் பெயர்களும் 'ஏ' எழுத்தில் தொடங்கின. நால்வரும் வென்றார்கள்! பிறகு செனட் சீட்டில் இடத்தைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யலானார்கள்.

குலுக்கல் நமக்கென்ன புதிதா? பழைய செங்கற்பட்டு மாவட்டத்து உத்திரமேரூரைக் கேளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு குடவோலையைச் சொல்கிறது. ஓலையில் பெயர், குடத்தில் ஓலை, எடுப்பது சிறுவன் கை. ஆனால் யார் பெயருக்கு ஓலை? இறைநிலம் உடையவனுக்கு, சொந்த மனையில் வீடு உடையவனுக்கு, வேதம் கற்றவனுக்கு. ஏர் பிடித்தவனுக்கு இல்லை, வலை வீசியவனுக்கு இல்லை. குடவோலைப் பெருமை பேசுவோர் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதேயில்லை! நாம் குடத்தை எடுத்துக்கொள்வோம். அந்தத் தகுதிப் பட்டியலைக் கல்லிலேயே விட்டுவிடுவோம்.

மனுக்களைத் திரும்பப் பெறும் நேரம் முடிந்ததும், செங்கற்பட்டுத் தேர்தல் அதிகாரியின் மேசைமேல் ஒரு குடம் வைக்கட்டும். கட்சிக்காரர், சுயேச்சை எல்லார் பெயரும் அந்த ஒரே குடத்தில் விழட்டும்.

"முதல் பிரிவில் இருக்கிற நாம் அந்தச் சலுகையை விடுவதா?" என்று நம் தோழர்களே என்மீது பாய்வர். ஆம், விடத்தான் சொல்கிறேன். கடற்கரைக் குடிசைதோறும் நம் சின்னம் தெரியும். எந்தப் பொத்தானில் இருந்தால் என்ன?

சிற்பக்கூடத்துத் தோழரிடமும் இதையே சொன்னேன். அவர் விடவில்லை. "குலுக்குற குலுக்குல நம்ம பேரு கடைசியில வந்துட்டா?"

கடைசியில் எப்படி வரும்? 2013 முதல் அந்த இடம் நோட்டாவுக்கு அல்லவா!