விலைக்கு வாங்கியதும், இலவசமாய் வந்ததும், உடைத்து எடுத்ததும்



இம்மாதம் ஒரு கராஜ் விஷயம். மார்க்கப் பக்கத்தில் கராஜுக்கு என்ன வேலை என்று நினைத்துவிட வேண்டாம். தையற்காரர், சாயம் தோய்ப்பவர், ஒட்டகத்தை வாடகைக்கு விடுபவர் என்று எத்தனையோ தொழிலாளிகளுக்கு நமது பிக்ஹுக் கிதாபுகளில் தனித்தனியே சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இமாம்கள் இன்று பதுளையில் வாழ்ந்திருந்தால் எஞ்சின் கணனிக்கும் ஒரு பாடம் ஒதுக்கியிருப்பார்கள்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் பதுளைக்குக் கிட்ட சிறிய கராஜ் ஒன்று நடத்துகிறார். கைத்திறமை உள்ளவர், ஐவேளைத் தொழுகையாளி. ஒருநாள் அஸருக்குப் பின் முகம் வாடிப்போய் வந்து உட்கார்ந்தார். பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த டீசல் வேன் ஒன்று அவர் கையில் செத்துப் போய்விட்டது. ஸ்டார்ட் ஆகவில்லை, சத்தமே இல்லை. காலையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிச் செல்வதும், கிளினிக் நாளில் நோயாளிகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதும் அந்த வேன்தான். அதன் சொந்தக்காரர் லயத்தில் பிறந்து வளர்ந்து, சீட்டுப் பிடித்தும் கடன் வாங்கியும் அதை வாங்கியவர்.

நடந்தது இதுதான். "ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது" என்று வேன்காரர் கொண்டு வந்திருக்கிறார். மாணவர் லெப்டொப்பை எடுத்து, வண்டியின் கணனியில் உள்ள கணக்கை மாற்றி எழுதப் போயிருக்கிறார். பாதியில் அது கெட்டுவிட்டது. அவர் பாவித்த மென்பொருள், கொழும்பில் ஒரு கடையில் சில ஆயிரம் ரூபாவுக்கு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்த, பூட்டு உடைத்த பிரதி.

வாகன விஷயம் தெரியாத தாய்மார்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். இக்கால வண்டிகளில் எவ்வளவு எண்ணெய் பீச்ச வேண்டும், எந்த நொடியில் பீச்ச வேண்டும் என்பதை ஒரு சிறு கணனிப் பெட்டி தீர்மானிக்கிறது. அதற்குள் வாய்ப்பாடு போலக் கட்டம் கட்டமாக எண்கள் இருக்கின்றன. எஞ்சின் இவ்வளவு வேகத்தில் சுற்றினால், உள்ளே இவ்வளவு காற்று வந்தால், இவ்வளவு எண்ணெய் கொடு என்பது கணக்கு. பெற்றோல் எஞ்சினில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், எடையில். நம் பகுதியில் இது சும்மா ஏட்டுக் கணக்கல்ல. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரம், ஹப்புத்தளை 1400 மீற்றருக்கும் மேல். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் காலத்து வண்டிகள் பெரகலையிலிருந்து ஏறும்போது மூச்சு வாங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைய கணனி காற்றழுத்தத்தை அளந்து தானே சரிசெய்து கொள்கிறது. அந்த எண்களை மாற்றி எழுதுவதைத்தான் 'டியூனிங்', 'ரீமெப்' என்கிறார்கள். முழுக் கணக்கும் சரியாக எழுதப்பட்டதா என்று பார்க்க உள்ளே ஒரு கூட்டுத்தொகைச் சோதனையும் உண்டு. அது பொருந்தாவிட்டால் பல வண்டிகள் உயிர் பெறாது. உடைத்த பிரதிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கைவிடுகின்றன.

இம்மென்பொருள்களில் விலைக்கு வருபவை உண்டு. ஜெர்மனியின் வின்ஓஎல்எஸ் அப்படியானது, டியூனிங் தொழில் செய்வோரிடையே பேர் பெற்றது. இலவசமாகக் கொடுப்பவையும் உண்டு. டியூனர்ப்ரோவைச் செய்தவர் அதைச் சும்மா தருகிறார், விரும்பியவர் நன்கொடை கொடுக்கலாம். சுபாரு கார்களுக்கு ரொம்ரெய்டர் இருக்கிறது. ஸ்பீடுயினோ என்பதில் மென்பொருள் மட்டுமல்ல, கணனிப் பலகையின் வரைபடமும் திறந்தே கிடக்கிறது. யாரும் செய்து பார்க்கலாம், திருத்தலாம். இரண்டுக்கும் நடுவில் டியூனர்ஸ்டூடியோ போன்றவை. சாதாரண வேலைக்குக் காசில்லை, முழு வசதி வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும்.

இலவசமானது எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ரொம்ரெய்டரை வைத்துத் தோட்டத்து டீசல் வேனுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஸ்பீடுயினோ பழைய பெற்றோல் எஞ்சினுக்குப் பொருத்தமானது, உயர் அழுத்தத்தில் பீச்சும் புதிய டீசல் வகைக்கு அல்ல. ஆனால் பழுது என்னவென்று வாசித்துப் பார்க்க மலிவான கருவியும் கைத்தொலைபேசியில் ஓர் இலவசச் செயலியும் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். (அந்த மலிவுக் கருவியிலும் ஒரு கதை இருக்கிறது. எல்ம் 327 என்ற சில்லைச் செய்த கனடா நிறுவனம் முதற் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டது. உலகமெங்கும் நகல் பெருகியது. நிறுவனம் 2022ல் கடையை மூடிவிட்டது.)

இனி மஸ்அலாவுக்கு வருவோம். மதீனாவில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. அதன் சொந்தக்காரர் தண்ணீரை விலைக்கு விற்றார். உஸ்மான் (ரலி) அவர்கள் அதைத் தம் பணத்தில் வாங்கி எல்லோருக்குமாக விட்டுவிட்டார்கள். விற்றவரை யாரும் திருடர் என்று சொல்லவில்லை. வக்ஃபு செய்தவருக்கோ சுவர்க்கத்து நன்மாராயம் கிடைத்தது. இரண்டும் ஆகுமான வழிகள். இரவில் சுவரேறிக் குதித்துத் தண்ணீர் மொள்ளுவதுதான் மூன்றாவது வழி. உடைத்த மென்பொருளை 'இலவசம்' என்று சொல்லுகிறோமே, அது உஸ்மான் (ரலி) அவர்களின் இலவசம் அல்ல.

"கையில் பிடிக்க முடியாத ஒன்று எப்படிச் சொத்தாகும்?" என்று ஓதியவர்களே கேட்கிறார்கள். பழைய ஹனஃபி அறிஞர்களிடம் அந்தக் கருத்துக்கு இடம் உண்டு. ஆனால் நமது ஷாஃபிஈ மத்ஹபில் பொருளின் பயனும் சொத்தாகவே எண்ணப்படும். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வர்த்தகப் பெயர் ஆகியவை ஷரீஅத் காக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. நமது நாட்டின் 2003ம் ஆண்டு 36ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணனி மென்பொருளைப் பாதுகாக்கிறது. உடைத்த பிரதி என்று தெரிந்துகொண்டே தொழில் இலாபத்துக்குப் பாவிப்பது அதன்படி குற்றம்.

"அவங்க காஃபிர் கம்பெனிதானே ஹஸ்ரத்?" என்றார் மாணவர். இந்தப் பேச்சு எனக்கு அறவே பிடிக்காது. தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்கத்தாரின் அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் இரவில் அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் என்று அவருக்குப் பாடம் நடத்தியவனே நான்தான்.

மற்ற வாதம் கனமானது. "காசு கட்டி வாங்க எனக்கு வக்கில்ல ஹஸ்ரத். 2022ல டொலர் இருநூறு ரூபாவிலயிருந்து முந்நூத்தி அறுபதுக்குப் போச்சு. கராஜை மூடவா?" 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025ல்தான் திறந்தார்கள். அத்தனை வருடமும் மலைநாட்டின் பழைய வண்டிகளை ஓட வைத்தவர்கள் இவரைப் போன்ற கராஜ்காரர்கள். அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் நிர்ப்பந்தம் என்பது வேறு வழி இல்லாதபோதுதான். பழுது வாசிக்க இலவச வழி இருக்கிறது. எழுதுகிற வேலையை லைசன்ஸ் உள்ள இன்னொருவரிடம் அனுப்பலாம். நாலு கராஜ்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒன்றை வாங்க நிறுவனத்திடம் அனுமதி கேட்கலாம். இலாபம் குறையும், உண்மைதான்.

பெரிய நிறுவனங்கள் எல்லாம் நேர்மையானவை என்று நான் வாதாட வரவில்லை. 2015 செப்டம்பரில் வொக்ஸ்வாகன் பிடிபட்டது நினைவிருக்கும். புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் சுத்தமாக ஓடி, வீதியில் இறங்கியதும் பழையபடி நஞ்சு கக்கும்படி கணனியில் எழுதி வைத்திருந்தார்கள், உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில். உள்ளே இருக்கும் கணக்கை வெளியார் பார்க்க முடியாததால் பல வருடம் மறைந்திருந்தது. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியின் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. திறந்த மென்பொருளில் யாரும் கையை விட்டுப் பார்க்கலாம். அதனால்தான் என் மனம் அதன் பக்கம் சாய்கிறது, விலை இல்லை என்பதற்காக அல்ல. 2004 சுனாமியின்போது நம் நாட்டு இளைஞர்கள் எழுதிய 'சஹானா' அனர்த்த நிவாரண மென்பொருளும் இந்த வகைதான். எழுதியவர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை. பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது.

வேனின் நட்டம் யார் தலையில்? ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொற்படி தொழிலாளி அமானிதக்காரர். வரம்பு மீறினாலோ கவனக்குறைவு இருந்தாலோ மட்டுமே நட்டத்தைச் சுமப்பார். மாணவர் கண்டிப்பாகச் சுமக்கத்தான் வேண்டும் என்றேன். உடைத்த கருவி என்பதை வேன்காரரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் வண்டியைக் கொடுத்திருப்பாரா? கணனிப் பெட்டியின் விலையும், வேன் நின்ற மூன்று கிழமைக்குப் பிள்ளைகளை ஏற்றிய வாடகை வண்டியின் கூலியும் என்று பேசி, நாலு தவணையாக்கினோம்.

எழுந்து போகும்போது அவர் மெதுவாகக் கேட்டார்: "ஹஸ்ரத், ஒங்கட லெப்டொப்ல உள்ள விண்டோஸ் காசு கட்டினதா?"

அது காசு கட்டியதல்ல. வாங்கிய அன்று கடைக்காரப் பிள்ளை போட்டுத் தந்தது. ஏழு வருடம் அதில்தான் ஜும்ஆக் குத்பா தயாரித்திருக்கிறேன், அமானிதம் பற்றிய குத்பாக்கள் உட்பட. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுத்து வேலைக்கு லிப்ரே ஒஃபிஸ் இலவசமாகக் கிடைத்தது. ஷாமிலா நூலகமும் இலவசம், ஆனால் என்னிடமிருக்கும் பிரதி விண்டோஸில் ஓடுவது. ஆகவே விண்டோஸுக்கு இரண்டு மாதம் சேர்த்துப் பணம் கட்டினேன். வீட்டில் உம்மா, "கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கா இவ்வளவு காசு?" என்றார்கள்.

கடைசித் தவணையைக் கொடுக்க நானும் கூடப் போனேன். வேன்காரர் லயத்து வாசலில் கதிரை போட்டு, பிளேன்டீ தந்தார். பணத்தை எண்ணாமலே சட்டைப் பையில் வைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "தம்பி, பெட்டி மாத்தியும் ஏத்தத்துல இன்னும் இழுக்க மாட்டேங்குதே" என்றார். மாணவர் கைத்தொலைபேசியில் இலவசச் செயலியைத் திறந்து, கருவியைச் செருகி, வண்டியை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். டர்போவின் காற்றழுத்தம் ஏறவில்லை. பொனட்டைத் திறந்து விரலால் தடவிக்கொண்டு போனார். இன்டர்கூலருக்குப் போகும் இறப்பர்க் குழாயில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு.