எருக்கலம்பிட்டியில் ஒரு கோயில் இருந்தது

கொஞ்சம் நீளமான பதிவு. மன்னார்த் தீவுக்காரர் எல்லாரும், எங்கட ஆக்களும் கத்தோலிக்க உறவுகளும், பொறுமையாக வாசிக்க வேண்டும்.

பல்தேயஸ் என்ற ஒல்லாந்துப் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் மன்னார்த் தீவில் ஏழு கோயில்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். பட்டினம், தோட்டவெளி, கரிசல், பேசாலை, தலைமன்னார் என்று போகும் அந்தப் பட்டியலில் எருக்கலம்பிட்டியும் வருகிறது. இன்று முழுக்க முஸ்லிம்கள் வாழும் நம்ம எருக்கலம்பிட்டிதான்.

இதை ஒரு கல்யாண வீட்டில் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெரியவர் குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் வெளியில கதைக்காதீங்க மகன், நாளைக்கு காணி கேட்டு வருவாங்க" என்றார். அவருடைய பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். 1990 ஒக்டோபரில் வீட்டையும் பள்ளிவாசலையும் விட்டுவிட்டு வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போன சனம் நாங்கள். திரும்பி வந்தபோது சொந்த வளவுக்கே உறுதி காட்ட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஆளுக்கு வரலாறு என்றாலே காணிப் பிரச்சினைதான். அந்தப் பக்கத்திலும் இதே பயம் இருக்கிறது. பள்ளிமுனை என்ற பெயரில் உள்ள 'பள்ளி' யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், தேநீர்க்கடை இரண்டாகப் பிரியும். அங்கே இன்று புனித லூசியா ஆலயம் இருக்கிறது. அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரமும் அதே ஊரில்தான் நிற்கிறது.

இந்தப் பயத்தால்தான் சின்னக் கோயில்களின் கதை எழுதப்படாமலே போகிறது என்பது என் கருத்து. மடுவைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது, பேராலயத்தைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. கரைவலைப் பாட்டுக்குப் பக்கத்தில், நாலு சுவரோடு நிற்கும் அந்தோனியார் கோயிலைப் பற்றி யார் எழுதியது?

ஆனால் இந்தத் தீவில் கத்தோலிக்கம் தப்பிப் பிழைத்த கதையே சின்னக் கோயில்களின் கதைதான். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை வந்து, புதிதாக மதம் மாறியவர்களை வெட்டிக் கொன்றது. அறுநூறு பேர் என்பது மரபு. தோட்டவெளியில் இன்றும் அவர்களை வேதசாட்சிகள் என்று நினைவுகூருகிறார்கள். 1560இல் போர்த்துக்கேயர் தீவைப் பிடித்தார்கள், கோயில்கள் எழுந்தன. 1658இல் ஒல்லாந்தர் வந்து அதே கோயில்களைத் தங்கள் சபைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள், கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தார்கள். ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் பதிந்தது பள்ளிக்கூட வாத்தியார்தான். அந்தப் பதிவேட்டுக்குப் பள்ளித் தோம்பு என்று பெயர். (எங்கட தொழிலுக்கு அன்றைக்கே எழுத்து வேலை கூட!) 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இலங்கைக்கு வரும்வரை, குருவும் இல்லாமல் கட்டடமும் இல்லாமல் வேதத்தைக் காத்தது மூப்பர்மாரும் வீட்டுப் பெண்களும். 1806இல் ஆங்கிலேயர் தடைகளை நீக்கிய பிறகே மறுபடி பயமில்லாமல் கோயில் கட்ட முடிந்தது.

கோயிலைப் பறிகொடுத்து, ஜெபத்தை மட்டும் கையில் வைத்திருந்த சனத்தின் கதை இது. புத்தளத்துக் கொட்டிலில் ஓலைக்குக் கீழே தராவீஹ் தொழுத எங்களுக்கு இது விளங்காதா?

இப்போது அந்தப் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. வெளிநாட்டுக் காசு வருகிறது. முருகைக்கல்லும் சுண்ணாம்புமாக இருந்த தடித்த சுவரை ஜேசிபி ஒரு காலையில் தள்ளிவிடும், அடுத்த திருநாளுக்கு மாபிள் பதித்த மண்டபம் நிற்கும். வாசலில் இருந்த வருடம் வெட்டிய கல் எங்கே போனது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிவாசல்களிலும் நாங்கள் இதைத்தான் செய்தோம். பழைய மிஹ்ராபை உடைத்துவிட்டு, வளைகுடாவில் பார்த்த மாதிரி கட்டினோம். இந்த விஷயத்தில் இரண்டு சமூகத்துக்கும் நல்ல ஒற்றுமை.

பெரியவரின் பயத்துக்கு என் பதில் இதுதான். மறைத்து வைத்த வரலாறுதான் ஆபத்து. அது என்றைக்கோ ஒருநாள், தேர்தல் நேரம் பார்த்து, அரைகுறையாக யாரோ ஒருவன் வாயிலிருந்து வரும். இரண்டு பக்கமும் சேர்ந்து எழுதி வைத்த வரலாற்றை வைத்துக் காணி கேட்பது கஷ்டம். ஏனென்றால் அதில் எல்லாருடைய வருகையும் இருக்கும், எல்லாருடைய இழப்பும் இருக்கும்.

வரும் தவணையில் எட்டாம், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளின் வரலாற்றுச் செயற்றிட்டமாக இதைச் செய்ய நினைத்திருக்கிறேன். எங்கட பிள்ளைகள் பக்கத்து ஊர்க் கோயிலைப் பற்றி எழுதட்டும், அந்தப் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகள் எங்கட பள்ளிவாசலைப் பற்றி எழுதட்டும். சுவரின் அகலத்தை அளக்கட்டும், வாசல் கல்லைப் படம் எடுக்கட்டும், மூப்பரையும் மோதினாரையும் இருத்திக் கேட்கட்டும். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளை கோயில் வாசலில் கொப்பியோடு நிற்பதைக் கண்டால், எனக்கு அடித்துக் கேளுங்கள், பிள்ளைக்கு ஏசாதீர்கள். 1990க்கு முந்திய படங்கள் யாரிடமாவது இருந்தால், கலியாணப் படத்தின் பின்னணியில் ஒரு சுவர் தெரிந்தால்கூடப் போதும், எடுத்து வையுங்கள். பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள்.