வளையாத சுரங்கள்



தம்பானூர் நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவனுக்கு இசையாராய்ச்சி எதற்கு என்று நகைக்க வேண்டா. சென்ற திங்கள் எம் இல்லத்தில் எழுந்த ஒரு வழக்கே இதனை எழுதத் தூண்டிற்று.

ஏழாம் வகுப்பிற் பயிலும் என் மகள் கீபோர்டில் பியானோ இசை பழகி வருகின்றாள். என் தாயார் திருநெல்வேலியிலிருந்து நெஞ்சிற் கொண்டுவந்த தாலாட்டு ஒன்றை ஒரு மாலை அவளே வாசித்துக் காட்டினாள். தாயார் முற்றும் கேட்டார். “மெட்டு சரிதான் பிள்ளே. ஆனா, தொட்டில் ஆடலியே” என்றார். பேத்தியின் முகம் வாடிற்று.

தாயார் சொன்னது பிழையன்று. பியானோவில் கட்டையை அழுத்தினால், உள்ளே கம்பளி போர்த்த சுத்தியல் கம்பியைத் தட்டுகின்றது. எழுந்த சுரம் மெல்லத் தேயுமேயன்றி வளையாது. வீணையிற் கம்பியை இழுத்துக் குழைக்கலாம். குரலுக்கோ தடையே இல்லை. தாலாட்டுக்குரிய நீலாம்பரி அசைவிலேயே உயிர் வாழ்வது. ஆர்மோனியத்துக்கும் இதே குறை உண்டு. 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கி வைத்தபோது இக்குறையும் பேசப்பட்டது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது.

ஆயினும் வளையாச் சுரங்களைக் கொண்டே உள்ளத்தை உருக்கிய ஒருவர் இருந்தார். எத்தியோப்பியத் துறவி எமஹோய் செகே மரியம் கெப்ரு. 1923-இல் அடிஸ் அபாபாவிற் பிறந்தவர். சுவிட்சர்லாந்திலும் கெய்ரோவிலும் மேனாட்டிசை கற்று, இளமையிலேயே துறவு பூண்டு, மலைமேல் ஒரு மடத்தில் பத்தாண்டுகள் வெறுங்காலுடன் வாழ்ந்தார். பிறகு தம் திருச்சபையின் தொன்மையான பாடல்முறையும் நாட்டு மக்களின் ஐந்து சுரப் பண்களும் அவர் விரல் வழியே பியானோவில் இறங்கின. 1960-களில் ஜெர்மனியில் பதிவான இசைத்தட்டுகளின் வருவாயை அநாதைச் சிறுவர்க்கு அளித்தார். பின்னர் எருசலேமில் குடியேறினார். 2006-இல் வந்த தொகுப்பொன்றால் உலகறிந்தவரானார். 2023-இல் தம் 99-ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். ‘வீடற்று அலைபவர்’ என்பது அவர் இசைத்த ஒன்றின் பெயர். ஊர் விட்டு வந்த நமக்கு அப்பெயரே போதும்.

அவர் சுரத்தை வளைக்க முயலவில்லை. நிற்க வேண்டிய சுரத்தின் முன்னே இரண்டு மூன்று சிறு சுரங்களை விரைந்து தெளித்துவிட்டு, அதன்மேல் அமர்ந்துவிடுவார். காலம் மூச்சுப்போல் நீண்டும் குறுகியும் செல்லும். காலடியில் உள்ள மிதியை அழுத்தினால், தட்டிய கம்பிகள் ஓயாது ஒலித்து நம் சுருதிபோற் பின்னே நிற்கும்.

சென்னையில் பியானோக் கலைஞர் அனில் சீனிவாசன் மேற்கொண்ட வழி வேறு. சிக்கில் குருசரண் பாட, அவர் வாசிக்கின்றார். குழைவு குரலுக்கு, நிறைவு பியானோவுக்கு. இரண்டில் எது சிறந்தது என்று தீர்ப்புக்கூற எனக்குத் தகுதியில்லை. தனியே ஒலிக்கும் அத்துறவியின் பியானோவே என்னை இரவில் விழித்திருக்கச் செய்கின்றது.

மகளுக்கும் அதனைக் கேட்பித்தேன். கீபோர்டுக்கு ஒரு கால்மிதியும் வாங்கினேன். பத்து நாள் அவள் சிறுசுரங்களோடு மல்லாடினாள். பின்னர் ஓரிரவு, இரண்டாம் அடியில் ஓடுகின்றாள் என்று திருத்தப் புகுந்த என் தாயார், தாமே உடன் பாடலானார். பாட்டு முடிந்ததும், “ஆச்சி, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்று மகள் வினவினாள். தாயார் சற்றே விழித்தார். அவர் தாயாரும் அதற்குப் பொருள் சொன்னதில்லையாம். ஊரில் என் பெரியம்மாளைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கின்றேன்.