எழுத்து பெரிதானால் பட்டன் எங்கே போகிறது?

நாற்பதைத் தாண்டியவர்கள் பலரும் புது போன் வாங்கியதும் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வார்கள். வாட்ஸ்அப் சொன்னபடி கேட்கும். ஆனால் சில இணையதளங்களில் எழுத்து எறும்பு சைஸிலேயே நிற்கும். வேறு சிலவற்றில் எழுத்து மட்டும் பெரிதாகி, கட்டத்தைவிட்டு வழிந்து, 'சமர்ப்பி' பட்டன் மறைந்துவிடும். கோளாறு உங்கள் கண்ணாடியில் இல்லை. தளத்தைக் கட்டியவர் வைத்த அளவில் இருக்கிறது.

திண்டுக்கல் பிரியாணியை வைத்தே சொல்லலாம். 'சீரகச் சம்பா ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு' என்று எழுதினால், நாலு பேர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் சமாளிக்கலாம். 'தண்ணீர் எட்டு டம்ளர்' என்று மட்டும் எழுதினால்? அரிசி கூடும்போது அடிபிடிக்கும்.

'பிக்சல்' அந்த எட்டு டம்ளர் மாதிரி. 'ரெம்', 'எம்', சதவீதம் ஆகியவை பங்குக் கணக்கு. பெரும்பாலான பிரவுசர்களில் வழக்கமான எழுத்தளவு 16 பிக்சல். தலைப்புக்கு ஒன்றரை ரெம் என்று வைத்தால் 24 வரும். பிரவுசர் செட்டிங்கில் 16-ஐ 20 ஆக்கினால், தலைப்பு தானாக 30 ஆகும். 24 பிக்சல் என்றே எழுதியிருந்தால் அது அசையாது. விரலால் விரித்துப் பெரிதாக்கலாம். ஆனால் ஒவ்வொரு வரியையும் இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டும்.

பிக்சலே கூடாது என்பதில்லை. ஓரக்கோட்டுக்கு ஒரு பிக்சல் போதும். எழுத்துக்கும், எழுத்தைத் தாங்கும் கட்டத்துக்கும்தான் பங்குக் கணக்கு வேண்டும்.

இது அழகு பற்றிய விஷயம் மட்டுமல்ல. வங்கிக் கணக்கையும் ஓடிபி-யையும் அடுத்தவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லும் நிலை யாருக்கும் வரக் கூடாது. எழுத்தை இரு மடங்காக்கினாலும் எதுவும் மறையக் கூடாது என்று 2008-லேயே உலக அளவில் விதி வந்துவிட்டது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் இதை ஏற்றிருக்கின்றன. திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்தின் தளத்திலேயே எழுத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. டிஜிட்டல் சேவை எல்லோருக்கும் எட்டுவது வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

இன்றே செய்து பாருங்கள்: போன் செட்டிங்ஸில் 'டிஸ்பிளே' போய் எழுத்தளவைக் கூட்டுங்கள். குரோமில் செட்டிங்ஸ், பிறகு 'அக்சஸிபிலிட்டி' போய் அங்கேயும் கூட்டுங்கள். பிறகு நீங்கள் அடிக்கடி பணம் கட்டும் தளத்தைத் திறங்கள். பட்டன் மறைந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தத் தளத்தின் 'தொடர்புக்கு' பகுதியில் அனுப்புங்கள். வீட்டில் வெப் டிசைன் படிக்கும் பிள்ளை இருந்தால், இந்தப் பிரியாணிக் கணக்கை அவர்களுக்கும் சொல்லுங்கள்!